தூக்க மாத்திரையா, சிபிடியா?

மாத்திரை போட்ட அன்றே தூக்கம் வந்துவிடும். இரண்டு மூன்று நாள் நெருக்கடிக்குச் சரி. மாதக்கணக்கில் நீண்டால் பழக்கமாகிவிடும். வயதானவர்கள் தடுமாறி விழும் ஆபத்தும் உண்டு.

சிபிடி என்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை; மருந்தில்லாமல் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுவது. இதற்குப் பொறுமை வேண்டும். பெரும்பாலும் 6 முதல் 8 வாரம். படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து வேறு அறையில் போய் உட்கார வேண்டும். கண் சொக்கினால்தான் மறுபடி படுக்கை. ‘இன்று தூங்காவிட்டால் நாளை எல்லாம் போச்சு’ என்ற நினைப்பைத் தாளில் எழுதி, முன்பு தூங்காத நாளின் மறுநாள் உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுதச் சொல்வார்கள். பயம் தளர்வது இங்கேதான்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் சிபிடிதான் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. என் ஓட்டும் அதற்கே. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.