யுபிஎஸ் மோடா, நார்மல் மோடா: எந்த லோடுக்கு எது?

வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்பக்கம் சின்னதாக ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யுபிஎஸ்', மறுபக்கம் 'நார்மல்' அல்லது 'இக்கோ'. பொருத்த வருபவர் ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் போவார். அடுத்த பேட்டரி மாற்றும் வரை அதை யாரும் தொடுவதில்லை. "கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் ஓடுது, பேக்கப்பும் நிக்கல" என்று கோடையில் புலம்புபவர்கள் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது இந்த ஸ்விட்சைத்தான்.

யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் கறாராக இருக்கும். வரும் வோல்டேஜ் ஏறக்குறைய 180க்கும் 260க்கும் நடுவில் இருந்தால்தான் உள்ளே விடும். அதைத் தாண்டினால் சுமார் 10 மில்லி விநாடியில் ரிலே 'டக்' என்று பேட்டரிக்கு மாறிவிடும். நார்மல் மோடு தாராளம். சுமார் 100 முதல் 290 வோல்ட் வரை எது வந்தாலும் அப்படியே வீட்டுக்குள் அனுப்பும். மாறும் நேரமும் 30, 40 மில்லி விநாடி வரை இழுக்கலாம். (மாடலுக்கு மாடல் இந்த எண்கள் கொஞ்சம் மாறும்.)

இந்த 10க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் கணினிக்குப் பெரியது. அதன் எஸ்எம்பிஎஸ்ஸில் (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) உள்ள கெப்பாசிட்டர், முழு லோடில் 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும்படிதான் பொதுவாக வடிவமைக்கப்படுகிறது. 10 மில்லி விநாடி இடைவெளி அதற்குத் தெரியவே தெரியாது. 40 என்றால் பெரும்பாலும் ரீஸ்டார்ட். ஃபேனுக்கும் எல்இடி பல்புக்கும் 40 ஒரு பொருட்டல்ல. லைட் ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லோரும் யுபிஎஸ் மோடிலேயே வைத்துக்கொள்ளலாமே? டிரான்ஸ்ஃபார்மருக்குத் தள்ளி, லைனின் கடைசியில் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத இரவு, தெருவில் எல்லா ஏசியும் ஓடுகிறது, மீட்டர் 170 வோல்ட் காட்டுகிறது. யுபிஎஸ் மோடில் உள்ள இன்வெர்ட்டருக்கு இது கரண்ட் இல்லாததற்குச் சமம். மெயின்ஸ் இருந்தும் பேட்டரியில்தான் ஓடும், சார்ஜும் ஏறாது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி கணக்குப்படி 1,800 வாட்-ஹவர். 300 வாட் இழுத்தால், இழப்புகள் போக நாலு மணி நேரம் சொச்சம் வரும். அதில் பாதியை லோ வோல்டேஜே தின்றுவிட்டால், நள்ளிரவில் நிஜமாகவே கரண்ட் போகும்போது கையில் மிச்சமிருக்காது. தினமும் இப்படி அடிவரை காலியானால் பேட்டரியின் ஆயுளும் குறையும்.

அதனால் லோ வோல்டேஜ் உள்ள வீட்டுக்கு என் பரிந்துரை நார்மல் மோடுதான். லேப்டாப்புக்கு அதனுள்ளேயே பேட்டரி இருக்கிறது. வைஃபை ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும். டெஸ்க்டாப் ஒன்றுக்காக வீடு முழுவதையும் யுபிஎஸ் மோடில் வைப்பதைவிட, அதற்குத் தனியாக 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கிக்கொள்வது மேல். ஒரு எச்சரிக்கை: நார்மல் மோடில் 130 வோல்ட் வந்தால் அதுவும் அப்படியே உள்ளே போகும். ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் ஸ்டெபிலைசர் கட்டாயம். நாள் முழுக்க 220, 230 நிற்கும் தெருவில் இந்தத் தலைவலியே இல்லை. யுபிஎஸ் மோடிலேயே விட்டுவிடலாம்.

அந்த 600 விஏ பெட்டி பெரும்பாலும் லைன்-இன்டராக்டிவ் வகை. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் பேட்டரியைத் தொடாமல், தன்னுள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (சுருளில் இணைப்பு எடுக்கும் இடத்தை) மாற்றியே ஏற்றிக் கொடுக்கும். இன்வெர்ட்டருக்குப் பின்னால் இதை மாட்டுவதென்றால் இன்வெர்ட்டர் சைன்வேவாக, அதாவது மெயின்ஸைப் போலவே சீரான அலை தருவதாக, இருக்க வேண்டும். ஸ்கொயர்வேவைச் சில பெட்டிகள் மெயின்ஸாகவே ஏற்காமல் பேட்டரிக்குப் போய்விடும்.

ரத்தப் பரிசோதனைக் கூடம், சர்வர் அறை என்று வந்தால் போட்டி வேறு: ஆன்லைன் மோடா, இக்கோ மோடா? (வீட்டு இன்வெர்ட்டரின் 'இக்கோ' வேறு, இது வேறு.) ஆன்லைன் யுபிஎஸ்ஸில் வரும் ஏசி முதலில் டிசியாகி, அதிலிருந்து புதிதாக ஏசி தயாராகிறது. லோடு எப்போதும் இன்வெர்ட்டரில்தான் இருக்கிறது, அதனால் கரண்ட் போனாலும் மாறும் நேரம் பூஜ்யம். ஜெனரேட்டரின் அதிர்வெண் 48க்கு இறங்கினாலும் வெளியே 50 ஹெர்ட்ஸ் கொடுக்க முடியும்.

இதற்கு விலை வெப்பம். 600 வாட் லோடு, 90 சதவீதச் செயல்திறன் என்று வையுங்கள்: 67 வாட் வீணாகிறது. இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 96 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டுக்கு அருகில் வருகிறது இந்த வீண்செலவு மட்டும். இக்கோ மோடில் மெயின்ஸ், டிசியாக மாறாமல், பைபாஸ் என்ற குறுக்குவழியாக லோடுக்கு நேரே போகும். 98 சதவீதம் என்று கொண்டால் இழப்பு 18 யூனிட்டுக்குள் அடங்கும்.

மிச்சம் பெரிதுதான். ஆனால் இக்கோவில் மெயின்ஸின் குறைகளும் பெருமளவு நேரே உள்ளே வரும். வோல்டேஜ் ஆடும்போதெல்லாம் சில மில்லி விநாடி இடைவெளியுடன் மாறி மாறி ஓடும். சர்வரின் எஸ்எம்பிஎஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும், சப்ளை சீரான இடத்தில் தாராளமாகப் போடலாம். ரத்தத்தைச் சோதிக்கும் அனலைசர் இயந்திரத்துக்கு நான் போட மாட்டேன். நடுவில் ரீசெட் ஆனால் ஏற்றிய சாம்பிள்களைத் திரும்ப ஓட்ட வேண்டும், ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) வீண், ரிப்போர்ட்டுக்காக ஒரு நோயாளி காத்திருக்கிறார். அங்கே அந்த மின்சாரச் செலவு நியாயமானது.

வாங்கும்போது 'ஆன்லைன்' என்ற ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். ஐஇசி 62040-3 தரநிலையின்படி விஎஃப்ஐ வகையா (வரும் வோல்டேஜும் அதிர்வெண்ணும் எப்படி இருந்தாலும் வெளியே போவது மாறாத வகை) என்று கேளுங்கள். விஐ, விஎஃப்டி என்றால் அது முழு ஆன்லைன் இல்லை.

பைபாஸ் விளக்கையும் கவனிக்க வேண்டும். ஓவர்லோடோ கோளாறோ வந்தால் ஆன்லைன் யுபிஎஸ் தானாகவே பைபாஸுக்குப் போய்விடும். எல்லாம் ஓடிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. அடுத்த பவர்கட்டில் மொத்தமும் அணையும். மாதம் ஒருமுறை சோதிப்பது நல்லது. பிளக்கைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம், எர்த்தும் சேர்ந்து துண்டாகும். யுபிஎஸ்ஸுக்குப் போகும் எம்சிபியை (போர்டில் உள்ள சர்க்யூட் பிரேக்கர்) இறக்கி, ஐந்து நிமிடம் பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். முக்கியமான வேலை எதுவும் நடக்காத நேரமாகப் பார்த்து.