மத்தியஸ்த சபை: மாடு தின்ற வேளாண்மைக்குப் போகலாம், அடிக்கிற புருசனுக்கு வேண்டாம்

சின்னப் பிணக்குகளை நீதிமன்றம் போக முன் பேசித் தீர்க்க இலங்கையில் இருக்கும் மத்தியஸ்த சபைக்குக் கட்டணம் கிடையாது. லோயர் பிடிக்கத் தேவையில்லை; பிடித்தாலும் அவர் உங்களுக்காக அங்கே வாதாட முடியாது. எங்கள் பக்கம் சனிக்கிழமைக் காலையில், ஒரு பாடசாலை வகுப்பறையில் நடக்கிறது. மத்தியஸ்த சபை எப்படி என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். "சபைக்குப் போங்க" என்று பொலிஸில் அனுப்பிவிடும்போது, பாதிப்பேர் காசும் கையுமாக லோயரைத் தேடித்தான் ஓடுகிறார்கள்.

எங்கள் விவகாரம் மாடு. மட்டக்களப்பு மாவட்டத்தின் வெல்லாவெளிப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. பெரும்போகத்தில் தம்பிதான் பார்க்கிறான். வேளாண்மை குடலையில், கதிர் வெளிவரும் முன் நிற்கும்போது ஓர் இரவு மாட்டுப் பட்டியே வயலுக்குள் இறங்கிவிட்டது. போகம் தொடங்க முன் நடந்த கூட்டத்தில் மாடுகளை வயல்வெளியான வட்டையை விட்டு அப்புறப்படுத்தும் திகதி குறித்து, எல்லோரும் தலையாட்டிவிட்டு வந்த பிறகு நடந்த வேலை. தம்பி கம்பெடுத்து ஒரு பசுவுக்குப் போட்டுவிட்டான். மாட்டுக்காரரின் மகன் தம்பிக்குப் போட்டான், முழங்கை வீங்கிவிட்டது. மாட்டுக்காரர் எனக்கு முறைக்கு மாமா. விடிந்ததும் இரண்டு பகுதியும் பொலிஸ் நிலையத்தில், ஆளுக்கொரு முறைப்பாடு.

சிறு காயம், பொருளுக்குச் சேதம், அத்துமீறி நுழைதல், மிரட்டல் போன்ற குற்றங்கள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. இப்படியான பிணக்கென்றால் முதலில் சபைக்குப் போக வேண்டும். அங்கே சரிவரவில்லை என்று எழுதிய சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் அதைக் கையில் எடுக்காது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. இல்லாவிட்டால் எங்கள் இரண்டு வீடும் மண்டூர்த் துறையில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, களுவாஞ்சிக்குடிக் கோட்டுக்குத் தவணை தவணையாக அலைந்திருக்கும். தம்பிக்கோ அந்தப் பொடியனுக்கோ அபராதம் விழுந்திருக்கும். இந்த நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறவர்களில் பெரும்பகுதி அபராதம் கட்ட வழியில்லாமல் போகிறவர்கள். சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிபரமே வருடாவருடம் இதைக் காட்டுகிறது. சிறைக்குப் பதிலாகச் சமூகத்தில் வேலை செய்ய விடலாம் என்று 1999இலேயே சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் வந்தும் உள்ளே நெரிசல் குறையவில்லை. மாட்டுச் சண்டையில் இரண்டு பேரை அந்த வரிசையில் சேர்த்து யாருக்கு என்ன லாபம்?

சரி, சபை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மத்தியஸ்தர்களின் பட்டியலைக் காட்டி, உங்கள் பகுதிக்கு ஒருவரைத் தெரிவு செய்யுங்கள் என்றார்கள். மாமா பகுதி ஒருவர், நாங்கள் ஒருவர், மூன்றாமவர் அந்த இருவரும் சேர்ந்து எடுத்தவர். ஓய்வுபெற்ற அதிபர், ஓய்வுபெற்ற தபாலதிபர், கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் ஓர் அக்கா. யாருக்கும் சம்பளம் கிடையாது, வந்து போகும் செலவுக்கு ஏதோ கொடுக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்தது நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரையில். மாமா அதில் ஒருக்களித்துத்தான் இருக்க முடிந்தது.

முதலில் எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம். தடுக்கவேயில்லை, கத்த விட்டார்கள். மறுகா இரண்டு பகுதியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். கமநல சேவை நிலையத்தில் எழுதி வாங்கிய சேதக் கடிதத்தையும், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையின் பேச்சையும் வைத்து நான் 40,000 ரூபாய் கேட்டேன். அதிபர் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "தங்கச்சி, உங்களுக்குக் காசு வேணுமா, மாடு திரும்பி வராம இருக்கணுமா?" என்று கேட்டார். இரண்டும் வேண்டும் என்றேன். "முதல்ல எது?" என்றார். அறுவடைக்கு இன்னும் நாள் கிடக்கிறது, மாடு திரும்பி வந்தால் 40,000 ரூபாய் போதாது. கோட்டில் இந்தக் கேள்வி வந்திருக்காது. அங்கே மாடு இறங்கியதா இல்லையா, அடித்தானா இல்லையா என்பதுதான் விசாரணை.

முதல் அமர்வில் முடியவில்லை. பசுவுக்கு அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று தம்பி முறுக்கிக்கொண்டு நின்றான். அடுத்த அமர்வில் அந்த அக்கா அவனை வெளியே வேம்புக்குக் கீழே கூட்டிப்போய் ஏதோ பேசினார். என்ன பேசினாரோ, இன்றுவரை அவன் சொல்லவில்லை. வந்து கேட்டான். கடைசியில் 15,000 ரூபாய், இரண்டு தவணையில். அறுவடை முடியும்வரை இரவில் மாடு பட்டியில் அடைப்பது, வயல் பக்கத்து முட்கம்பிக்கு இரண்டு வீடும் பாதிப் பாதி போடுவது, இரண்டு முறைப்பாட்டையும் கைவிடுவது. எல்லாவற்றையும் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். இரண்டாவது தவணை பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. மாமா இப்போது எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வருகிறார்.

குறை என்றால், அறிவித்தல் கடிதம். எங்கள் முதல் கடிதம் அமர்வு முடிந்த பிறகுதான் கையில் கிடைத்தது. அடுத்தது, ஒரே மண்டபத்தில் மூன்று நான்கு மேசை. அங்கே பேசுவதை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று சட்டம் பாதுகாக்கிறது. பக்கத்து மேசையின் காதுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஊரில் யாருக்கு எவ்வளவு கடன், யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் ஒரு காலைப்பொழுதில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

அப்படிக் காதில் விழுந்தவற்றில் இரண்டு விசயம்தான் என்னை இதை எழுத வைத்தன.

ஒன்று கடன். காத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், நுண்கடன் எடுத்தவர்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரே ஆள்: சட்டையை உள்ளே விட்ட ஒரு தம்பி, கையில் கோவைக் கட்டு. அவர் ஒவ்வொரு மேசையாகப் போய் ஒவ்வொரு பெண்ணோடும் "இணக்கம்" கண்டுகொண்டிருந்தார். மாதம் எவ்வளவு கட்டலாம், எப்போது தொடங்கலாம், கையெழுத்து. வட்டி எப்படி இவ்வளவானது என்று எந்த மேசையிலும் கேட்டதாக எனக்குக் கேட்கவில்லை. வட்டையில் நானும் மாமாவும் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள், அதனால் இருவரும் விட்டுக்கொடுத்தோம். கம்பனிக்கு யார் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. அதற்கு இந்த மேசை, சம்பளம் வாங்காத மூன்று பெரியவர்களை வைத்து நடத்தும் இலவச வசூல் கந்தோர்.

சட்டம் வந்தபோது கட்டாயமாகச் சபைக்குப் போகவேண்டிய பிணக்கின் எல்லை 25,000 ரூபாய். 2011இல் அது 250,000 ஆனது, 2016இல் 500,000. கோட்டின் சுமையைக் குறைக்கிறோம் என்பது அரசாங்கத்தின் காரணம். குறைந்திருக்கலாம். ஆனால் எல்லை உயர உயர உள்ளே வருவது மாட்டுச் சண்டையா, கோவைக் கட்டா என்று பார்க்க வேண்டாமா? மட்டக்களப்பில் நுண்கடன் எப்படிக் கிடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு, 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனில் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டிவந்தது. அதில் எங்கள் மாவட்டமும் ஒன்று. கடன் கொடுத்த கம்பனி வந்தால் வட்டிக் கணக்கை முதலில் மேசையில் விரிக்க வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும், பாதிக் கோவை வாசலிலேயே திரும்பிவிடும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, என் பக்கத்துக் கதிரையில் இருந்த பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. புருசன் அடித்ததற்குப் பொலிஸுக்குப் போயிருக்கிறாள். சிறு காயம் என்று எழுதி இங்கே அனுப்பிவிட்டார்கள். அடித்தவன் எதிரே அமர்ந்திருந்தான். மத்தியஸ்தர் நல்ல மனிதர், "மகள், பிள்ளைகளை யோசிங்க" என்றார். அவள் யோசித்துத்தான் வந்திருப்பாள். அன்று அவளும் கையெழுத்துப் போட்டாள், அதுவும் ஒரு இணக்கம் என்று கணக்கில் ஏறியிருக்கும்.

முட்கம்பிக்குப் பாதிப் பாதி போடலாம். அடியில் எதைப் பாதியாக்குவது? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நேரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, பிறகு 12 மாதம் வரை. அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பிக்கவும் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு இருக்க, அதை ஒரு சிறு காயமாக எழுதிச் சனிக்கிழமை மேசைக்குத் தள்ளிவிடுவது சீர்திருத்தம் இல்லை. குடும்பத்துக்குள் நடந்த அடி இந்தச் சட்டத்தின் அட்டவணைக்குள் வராது என்று ஒரு வரி சேர்க்கப் பாராளுமன்றத்துக்கு அரை நாள் போதும்.

இதையெல்லாம் சொல்வதால் சபையைக் கலைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1958இலும் இணக்க சபை என்று ஒன்று வந்தது. அரசியல்வாதிகளின் ஆட்களால் நிரம்புகிறது என்று பெயர் கெட்டு, 1978இல் இல்லாமல் போனது. அதனால்தான் 1988 சட்டத்தில் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு வைத்து, அதில் மூவராவது உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதிபதியாக இருந்தவராக வேண்டும் என்று கட்டினார்கள். இன்று நாடு முழுக்க 300க்கு மேற்பட்ட சபைகள். பிழை சபையில் இல்லை, அதன் வாசலில் எதை உள்ளே விடுகிறோம் என்பதில்தான்.

மாட்டு விசயத்திலும் எல்லை தெரிந்தது. மாமாவிடம் தனியே கேட்டேன், ஏன் பட்டியை நேரத்தோடு கொண்டுபோகவில்லை என்று. "எங்க மகள் கொண்டுபோற?" என்றார். மகாவலி அதிகார சபையின் கீழ் இருக்கும் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் உட்கார்ந்து போராடத் தொடங்கியது எல்லோருக்கும் தெரிந்த கதை. 15,000 ரூபாயை அதிபர் தீர்த்து வைத்தார். மகாவலி அதிகார சபையை அந்தச் சின்னக் கதிரையில் கொண்டுவந்து இருத்த அவரால் முடியாது.

போகிறவர்களுக்கு: முறைப்பாட்டைச் சாதாரணத் தாளில் தமிழில் எழுதலாம். பெண்ணொருவரும் மத்தியஸ்தராக வேண்டும் என்றால் தெரிவு செய்யும்போதே சொல்லுங்கள், பிறகு சொல்லிப் பயனில்லை. எதிர்ப்பகுதி வராவிட்டால் கவலைப்பட வேண்டாம், இணங்காமைச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போகலாம். கடன் கொடுத்தவர் நீட்டும் தாளில் அன்றே கையெழுத்து வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை; அடுத்த அமர்வு கேளுங்கள், அதற்கிடையில் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் காட்டுங்கள். வீட்டில் அடி என்றால் சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு எடுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள்.