ஒரே பணிமனை, இரண்டு வரைபடம்: அமெரிக்க மணிக்கூலி அரசுத் தொழிலாளர்களின் ஊதிய எல்லையை எப்படி வரைவது?

பென்சில்வேனியா மாநிலத்தின் மன்ரோ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) டோபிஹானா என்ற இடத்தில் அமெரிக்கத் தரைப்படையின் பெரிய பழுதுபார்ப்புப் பணிமனை இருக்கிறது. ராடார், ரேடியோ, செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகள் எல்லாம் இங்கே வந்து, பிரித்து, சரிசெய்து, சோதித்துத் திருப்பி அனுப்பப்படுகின்றன. அலுவலகத்தில் உட்கார்ந்து உதிரிபாகக் கணக்கு பார்ப்பவருக்கு ஆண்டுச் சம்பளம். ராடாரைக் கழற்றி மாட்டும் மின்னணு மெக்கானிக்குக்கு மணிக்கு இவ்வளவு என்று கூலி. இருவருக்கும் முதலாளி ஒன்றுதான், மத்திய அரசு. ஆனால் சம்பளக் கணக்கில் பல ஆண்டுகளாக முதலாமவர் நியூயார்க் வட்டாரத்தைச் சேர்ந்தவர்; இரண்டாமவர் பக்கத்து ஊர்களான ஸ்க்ரான்டன் - வில்க்ஸ்-பாரி வட்டாரத்தைச் சேர்ந்தவர்.

காரணம், அரசிடம் இரண்டு வரைபடங்கள் இருந்தன. அலுவலக ஊழியர்களுக்கான வட்டாரப்படி, அதாவது வேலை பார்க்கும் இடத்தை வைத்துத் தரும் கூடுதல் தொகை, 1990-ல் வந்த சட்டத்தின்படி 1994 ஜனவரியில் தொடங்கியது. பெருநகரத்தையும், அங்கே தினமும் வேலைக்கு வந்துபோகும் சுற்றுக் கவுண்டிகளையும் சேர்த்து ஒரே பகுதியாக அது வரையப்படுகிறது. 2025-ல் நியூயார்க் பகுதிக்கு அடிப்படைச் சம்பளத்தின் மேல் 37.95 சதவீதம். எந்தப் பெருநகரப் பகுதியிலும் சேராத 'மீதி அமெரிக்கா'வுக்கு 17.06 சதவீதம். கோடு எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் குடும்பத்தின் வரவுசெலவே மாறிவிடும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

மணிக்கூலிக்காரர்களின் வரைபடம் அதற்கும் மூத்தது. 1972-ல் வந்த மத்திய கூலி முறைச் சட்டம் அதன் அடித்தளம். வெல்டர், எலக்ட்ரீஷியன், கிரேன் ஓட்டுபவர், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் தரை துடைப்பவர், சமையல்கூடத்தில் வேலை செய்பவர் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். அந்தந்த வட்டாரத்தில் தனியார் நிறுவனங்கள் அதே வேலைக்கு என்ன கொடுக்கின்றனவோ, அதை ஒட்டி அரசும் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

இந்த எல்லைகளை மாற்றுவதா, மாற்றினால் எப்படி என்று நெடுங்காலமாக நடந்த வாதத்தில் நான்கு வழிகள் முன்னே நிற்கின்றன.

பழைய கோடு அப்படியே இருக்கட்டும்

இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கூலி எப்படி முடிவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அதன் நியாயம் புரியும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு சர்வே, இடைப்பட்ட ஆண்டில் ஒரு சிறு சர்வே. நிர்வாகத்தின் ஆள் ஒருவர், தொழிற்சங்கத்தின் ஆள் ஒருவர் என இரண்டு பேர் ஜோடியாகத் தனியார் நிறுவனத்துக்குப் போகிறார்கள். கையில் வேலை விவரப் பட்டியல். 'உங்களிடம் இந்த வேலையைச் செய்பவர் இருக்கிறாரா, மணிக்கு எவ்வளவு தருகிறீர்கள்?' பெயரை வைத்து ஒப்பிடுவதில்லை. அந்த ஆள் உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்டுத்தான் பொருத்துகிறார்கள். இப்படிச் சேர்த்த எண்களை வைத்து ஒரு கூலிக்கோடு வரைந்து, அதிலிருந்து ஒவ்வொரு தரத்துக்கும் கூலியைக் குறிக்கிறார்கள். தரத்துக்குள் ஐந்து படிகள். சந்தைக் கூலியே இரண்டாம் படி. முதல் படி அதில் 96 சதவீதம், ஐந்தாம் படி 112 சதவீதம்.

உழைப்பவரின் பிரதிநிதி கூடவே போய்க் கூலி விசாரிக்கும் ஏற்பாடு உலகில் எத்தனை அரசுகளிடம் இருக்கும்? அதனால், 'ஸ்க்ரான்டன் சந்தை என்ன தருகிறதோ அதுதான் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு நியாயமான கூலி, நியூயார்க் கூலியைக் கொண்டுவந்து கொட்டினால் உள்ளூர்த் தொழிற்கூடங்கள் ஆள் கிடைக்காமல் தவிக்கும்' என்று சொல்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்த வாதத்தின் அடிக்கல் எப்போதோ பெயர்ந்துவிட்டது. 1979-ஆம் நிதியாண்டிலிருந்து நாடாளுமன்றம் ஒவ்வொரு செலவினச் சட்டத்திலும் ஓர் உச்சவரம்பு போட்டுவருகிறது. சர்வே என்ன சொன்னாலும், மணிக்கூலிக்காரர்களின் உயர்வு அலுவலக ஊழியர்களின் சராசரி உயர்வைத் தாண்டக் கூடாது. பிற்பாடு ஒரு குறைந்தபட்ச வரம்பும் சேர்ந்தது: அந்த இடத்து அலுவலக ஊழியருக்குக் கிடைக்கும் உயர்வு சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆக, சர்வே நடக்கிறது, எண் வருகிறது, அப்புறம் அலுவலகச் சம்பளத்தின் சதவீதம் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது. சந்தைக் கூலி கைக்கு வராத பல வட்டாரங்களில், சந்தையைக் காட்டிப் பழைய கோட்டைக் காப்பாற்றுவது எப்படி நியாயமாகும்? சதவீதத்துக்கு மட்டும் அலுவலக வரைபடம், எல்லைக்கு மட்டும் பழைய வரைபடம் என்றால் தொழிலாளிக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

இன்னொன்றும் உண்டு. பழைய கோடுகள் பெரும்பாலும் ராணுவ நிலையங்களை மையமாக வைத்துப் போடப்பட்டவை. சர்வேயை நடத்தித்தர அங்கே ஒரு பெரிய நிலையம் வேண்டும் என்பது நிபந்தனை. 1988-ல் தொடங்கி 2005 வரை பல சுற்றுகளாக நிலையங்களை மூடினார்கள். நெடுஞ்சாலைகள் வந்தன, மக்கள் ஐம்பது அறுபது மைல் தள்ளிப்போய்க் குடியேறினார்கள். மன்ரோ கவுண்டியிலிருந்து 80-ஆம் எண் நெடுஞ்சாலை வழியாகத் தினமும் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களோடு அதே வீட்டு வாடகைச் சந்தையில் போட்டி போடுகிற மெக்கானிக்குக்கு மட்டும் பழைய காலத்து வரைபடம்.

இந்தக் கோடு புனிதமானது அல்ல என்பதை அரசே 1968-ல் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால் அறியப்படும் திருத்தம் அந்த ஆண்டு வந்தது. ஒரு சிறப்புத் தொழிலுக்கு ஒப்பிடத் தக்க தனியார் நிறுவனங்கள் உள்ளூரில் போதுமான அளவு இல்லையென்றால், அது இருக்கிற வேறு வட்டாரத்தின் கூலியைப் பார்க்கலாம் என்றது அது. விமானம் பழுதுபார்ப்பவரின் கூலியை விமானத் தொழிலே இல்லாத ஊரின் சந்தையை வைத்து முடிவு செய்தால் அது சந்தைக் கூலியே இல்லை.

ஒவ்வொரு இடமாகப் பார்த்து மாற்றலாம்

நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது இதுதான். நிர்வாகத் தரப்பில் ஐந்து பேர், சங்கத் தரப்பில் ஐந்து பேர், ஒரு தலைவர் என்று பதினோரு பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒரு கவுண்டியை எடுத்துத் தூரம், சாலை, வேலைக்கு வந்துபோகும் போக்கு, மக்கள்தொகை, தொழில் நிறுவனங்களின் தன்மை எல்லாம் பார்த்துப் பரிந்துரைக்கும்.

நியூஜெர்சியில் மெக்குவயர் விமானப்படைத் தளம், ஃபோர்ட் டிக்ஸ், லேக்ஹர்ஸ்ட் மூன்றும் 2009-ல் ஒரே கூட்டுத்தளமாயின. ஒரே தளத்தின் ஒரு பகுதி பிலடெல்பியா பக்கம், இன்னொரு பகுதி நியூயார்க் பக்கம். ஒரே வேலி, இரண்டு கூலி என்பது நடக்காத காரியம். அதனால் பர்லிங்டன் கவுண்டியையே பிரித்து, தளம் இருக்கிற துண்டை மட்டும் நியூயார்க் கூலிப் பகுதியில் சேர்த்தார்கள். அந்தத் தளத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் கவுண்டிக்குள்ளேயே ஒரு கோடு பிறந்தது.

கவனமாகச் செய்யும் வேலை என்பது இந்த வழியின் பலம். யாருடைய குரல் கேட்கிறதோ அவருக்கு மட்டும் வழி திறக்கிறது என்பது பலவீனம். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பணிமனைக்குச் சங்கம் இருக்கிறது, தொகுதி உறுப்பினர் இருக்கிறார். ஒரு சிறிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில் இருக்கும் சில பேருக்காக யார் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வாஷிங்டன் போவார்? டோபிஹானா மாதிரிப் பெரிய இடத்துக்கே இத்தனை ஆண்டு பிடித்ததென்றால், சிறிய இடங்களின் கதி என்ன என்று ஊகிக்கலாம்.

அலுவலக ஊழியர்களின் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளலாம்

ஒரு வட்டாரப்படிப் பகுதிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கூலிப் பகுதி இருக்கக் கூடாது என்று அந்தக் குழுவின் பெரும்பான்மை 2010-லேயே பரிந்துரைத்தது. 'மீதி அமெரிக்கா'வுக்கு மட்டும் விலக்கு. அது பல மாநிலங்களில் சிதறிக் கிடப்பதால் அதை ஒரே கூலிப் பகுதியாக்க முடியாது. பரிந்துரை கிடப்பில் போனது. ஸ்க்ரான்டன் பக்கத்தின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் மேட் கார்ட்ரைட் இதையே சட்டமாக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார். கடைசியில் மத்திய அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகமே 2024 அக்டோபரில் வரைவு விதியையும், 2025 ஜனவரியில் இறுதி விதியையும் வெளியிட்டது. 2025 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் முதல் சம்பளக் காலத்திலிருந்து அமல். சுமார் 17,000 தொழிலாளர்கள், அதாவது இந்த முறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர், வேறு கூலிப் பகுதிக்கு மாறுகிறார்கள். மன்ரோ கவுண்டி நியூயார்க்குக்குப் போகிறது.

நான்கு வழிகளில் என் ஓட்டு இதற்குத்தான். கூலிக்காரருக்கும் சம்பளக்காரருக்கும் ஒரே அளவுகோல் என்பது முதல் காரணம். 'அது அலுவலகக்காரர்களின் வரைபடம்' என்று சொல்வதும் சரியில்லை. அதற்கு அடிப்படையாக இருக்கும் பயணக் கணக்கு எல்லாத் தொழிலாளர்களையும் சேர்த்து எடுக்கப்படுவது. யார் எந்தக் கவுண்டியில் குடியிருந்து எந்தக் கவுண்டிக்கு வேலைக்குப் போகிறார் என்பதுதான் அதில் கேள்வி. அவர் எந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்பது அங்கே வரவே வராது.

ஆனாலும் இதில் மூன்று இடங்களில் இடிக்கிறது.

கோடு அழியவில்லை, நகர்ந்திருக்கிறது. ஒருவரின் வீடு எங்கே என்று கணக்கில்லை, வேலை பார்க்கும் இடம்தான் கணக்கு. ஸ்க்ரான்டனில் குடியிருக்கும் இரண்டு பேரில் ஒருவர் டோபிஹானாவுக்குப் போனால் நியூயார்க் கூலி. இன்னொருவர் வில்க்ஸ்-பாரி முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் போனால் பழைய கூலி. நேற்று மெக்கானிக் கேட்ட கேள்வியை இனி மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளி கேட்பார். அவருக்குச் சொல்ல இந்த விதியில் பதில் இல்லை.

அடுத்து, மாறுகிறவர்களில் ஒரு சிறு பகுதியினர் கூலி குறைவான பட்டியலுக்குப் போகிறார்கள். ஊதியக் காப்பு விதி இருப்பதால் கையில் வாங்கும் தொகை குறையாது. ஆனால் புதிய பட்டியல் அவர்களை எட்டிப்பிடிக்கும்வரை உயர்வில் பாதிதான் கிடைக்கும். அதே வேலைக்குப் புதிதாகச் சேருகிறவருக்கு அந்தக் காப்பும் கிடையாது. பக்கத்து பக்கத்து மேசையில் ஒரே கருவியைப் பழுதுபார்க்கும் இரண்டு பேருக்கு இரண்டு கூலி என்கிற பழைய குறை, சிறிய அளவில் இங்கே மறுபடி முளைக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பக் கவலை தருவது. கூலிப் பகுதி பெரிதானால் சர்வே எடுக்கும் பரப்பும் பெரிதாக்கப்படலாம். புதிதாகச் சேரும் ஓரக் கவுண்டிகளில் தனியார் கூலி குறைவு. அந்த எண்கள் நகரத்து எண்களோடு கலந்தால், நகரத்தில் ஏற்கெனவே வேலை செய்பவரின் கூலிக்கோடு தாழ்ந்துபோக வழி இருக்கிறது. உயர்வுக்கான குறைந்தபட்ச வரம்பு இதைத் தற்போதைக்குத் தாங்கிப்பிடிக்கும். ஆனால் அந்த வரம்பு ஆண்டுச் செலவினச் சட்டத்தில் வருவது. ஓர் ஆண்டு அது விட்டுப்போனால்?

கோட்டைத் தொடாமல் கூலியைக் கூட்டலாம்

ஆள் கிடைக்காத தொழிலுக்குச் சிறப்புக் கூலி கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. சீக்கிரம் நடக்கும், செலவும் அளவோடு நிற்கும். ஆனால் சிறப்புக் கூலி மின்னணு மெக்கானிக்குக்குக் கிடைக்கும். துப்புரவுத் தொழிலாளிக்கும் சமையல்கூடத்துக்காரருக்கும் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த வேலைகளுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று நிரூபிப்பதே பெரும்பாடு. வாடகை எல்லாருக்கும் ஒன்றுதான்.

இதன் இன்னொரு வடிவம், 1979 முதல் இருக்கும் உச்சவரம்பையே எடுத்துவிடுவது. இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். சங்கத்து ஆளையும் நிர்வாகத்து ஆளையும் அனுப்பி எடுக்கும் சர்வேக்கு அப்போதுதான் பொருள் வரும். ஆனால் உச்சவரம்பு போனாலும் டோபிஹானா பழைய கோட்டுக்குள் இருந்திருந்தால் அதற்குக் கிடைத்திருப்பது ஸ்க்ரான்டனின் முழுச் சந்தைக் கூலிதான், நியூயார்க்கின் கூலி அல்ல. எனவே கோட்டை மாற்றுவது முதலில், உச்சவரம்பை நீக்குவது உடனே அடுத்து. இந்த வரிசை முக்கியம். எல்லையைச் சரிசெய்யாமல் உச்சவரம்பை மட்டும் எடுத்தால், கோட்டின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பல இடங்களில் இன்னும் கூடிவிடும்.

முதல் வேலையை 2025 விதி செய்திருக்கிறது. அடுத்தது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. அதுவரை ஆலோசனைக் குழு செய்யக்கூடியது, சர்வேப் பரப்பை விரிக்கும்போது நகரத்து நிறுவனங்களின் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது. அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை.

இந்த விதி தொடாத ஒரு கூட்டமும் இருக்கிறது. ராணுவத் தளங்களின் கடை, விடுதி, கிளப் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு வரிப்பணத்திலிருந்து கூலி வருவதில்லை, அந்த இடங்களின் வருமானத்திலிருந்து வருகிறது. அதனால் அவர்களுக்குத் தனிக் கூலிப் பகுதிகள், தனி சர்வே. அதே தளத்து வாசல் வழியாகத்தான் அவர்களும் உள்ளே போகிறார்கள். அவர்களின் வரைபடத்தையும் குழு அடுத்த கூட்டங்களில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இன்னொரு பதினைந்து ஆண்டு ஆகக் கூடாது.