லூசிஃபர்ஸ் ஃப்ரெண்ட்: முதல் ஆல்பமா, 'பேங்க்வெட்'டா?

ஜெர்மனியின் ஹாம்பர்கில் 1970-ல் உருவான லூசிஃபர்ஸ் ஃப்ரெண்ட் ராக் இசைக்குழுவைப் புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்? அதே ஆண்டில் குழுவின் பெயரிலேயே வந்த முதல் ஆல்பத்திலா, 1974-ல் வந்த 'பேங்க்வெட்'டிலா?

முதல் ஆல்பம் இருண்ட, கனமான ராக். கனமான ராக்குக்குப் பேர்போன பிரிட்டிஷ் குழு பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்த ஆண்டில் ஜெர்மனியிலிருந்தும் இப்படியொரு சத்தம் வந்தது பெரிய விஷயம். பீட்டர் ஹெஸ்லைனின் கிட்டாரும் பீட்டர் ஹெக்டின் ஆர்கனும் ஒன்றையொன்று முட்டித் தள்ளுகின்றன. அதற்கெல்லாம் மேலே ஜான் லாட்டனின் குரல்! நான்கு ஜெர்மானியர்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் ஆங்கிலேயர். முதல் பாட்டே ஹார்ன் என்ற ஊதுகருவியின் முழக்கத்தோடு பாய்கிறது.

'பேங்க்வெட்' முற்றிலும் வேறு. பித்தளை ஊதுகருவிகள், ஜாஸ் தாளம், பத்து நிமிடத்தைத் தாண்டும் இரண்டு நீண்ட பாடல்கள். பொறுமை வேண்டும். அப்புறம் பிடித்துவிட்டால் விடாது.

இசை நுணுக்கத்தில் என் ஓட்டு 'பேங்க்வெட்'டுக்கே. ஆனாலும் தொடங்க வேண்டியது முதல் ஆல்பத்தில்தான், அந்த வேகம் உடனே ஆளை இழுத்துக்கொள்ளும். லாட்டனின் குரல் பிடித்துப்போனால், 1976-ல் அவர் சேர்ந்த யூரையா ஹீப் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவையும் தேடிக் கேளுங்கள்.