"நான்" யார்: ஆன்மாவா, கந்தங்களின் தொகுதியா, மூளை வரைந்த மாதிரியா?

"நான்" என்பது என்ன என்ற கேள்விக்கு இன்று களத்தில் நிற்கும் முக்கியமான பதில்கள் மூன்று. உடலுக்கு வேறான தனிப்பொருள் ஒன்று உண்டு என்பது முதலாவது. 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டாரும், 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் தெகார்த்தும் இதை வாதிட்டார்கள். தனிப்பொருளே கிடையாது, கணந்தோறும் மாறும் நிகழ்வுகளின் தொகுதி மட்டுமே உண்டு என்பது இரண்டாவது. பௌத்தம் அந்தத் தொகுதியை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என ஐந்து கந்தங்களாக, அதாவது கூறுகளாகப் பிரித்தது. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739-இல் தம் வழியில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தார். மூளை தன்னைப் பற்றித் தானே வரைந்து வைத்திருக்கும் மாதிரிதான் "நான்", அது மாதிரி என்று நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே என்பது மூன்றாவது. 2003-இல் ஜெர்மன் மெய்யியலாளர் தாமஸ் மெட்சிங்கர் இதை விரிவாக முன்வைத்தார்.

பொதுப்படையாகப் பேசினால் மூன்றும் வலுவாகவே தெரியும். சோதித்துப் பார்க்க மெய்கண்டாரின் சிவஞானபோதம் என்ற நூலின் மூன்றாம் சூத்திரம் நல்ல களம். ஆன்மா உண்டு என்பதற்கு அது அடுக்கும் காரணங்கள் ஒவ்வொன்றும் ஓர் எதிர்க்கட்சிக்குச் சொன்ன பதில். அவற்றில் மூன்றை ஆய்வுக்கூடத்து முடிவுகளோடு நேருக்கு நேர் நிறுத்தலாம்.

"எனதுடல் என்றலின்"

என் உடல் என்று சொல்பவன் அந்த உடலுக்கு வேறானவன் என்பது வாதம். மூன்றில் இதுதான் மெலிந்தது. "என் ஆன்மா" என்றும்தானே சொல்கிறோம்? தவிர, "எனது" என்ற உணர்வையே மாற்றி அமைக்க முடியும் என்பதை 1998-இல் உளவியலாளர்கள் பாட்வினிக், கோஹன் இருவரும் காட்டினார்கள்.

செய்முறை எளிது. இடக்கையை மேசைமேல் வைத்து, அது கண்ணில் படாதபடி ஒரு தடுப்பு நிறுத்த வேண்டும். கண்ணெதிரே அதே அளவில் ஒரு ரப்பர் இடக்கை. இரண்டு சிறிய ஓவியத் தூரிகைகளால் இரு கைகளையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே திசையில் வருட வேண்டும். முதல் ஆய்வில் 10 நிமிடம் வருடினார்கள். பலருக்குச் சில நிமிடங்களிலேயே தொடுகை ரப்பர் கையில் நிகழ்வதாகத் தோன்றிவிடும். பிறகு கண்ணை மூடி, மேசைக்கு அடியில் வலக்கை விரலால் இடக்கை இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னால், விரல் ரப்பர் கைப் பக்கமாக நகர்ந்து நிற்கும்.

சோதனை பிசகும் இடங்களும் பாடம் சொல்பவை. வருடல்கள் அரை நொடி முன்பின் ஆனாலே இந்தத் தோற்ற மயக்கம் வெகுவாகக் குறையும். ரப்பர் கையைத் திருப்பி, விரல்கள் உடலை நோக்கும்படி வைத்தாலும், 30 செ.மீ.க்கு மேல் தள்ளி வைத்தாலும் அப்படியே. பார்வை, தொடுகை, உடல் நிலை மூன்றும் ஒத்துப்போனால் மூளை "எனது" என்று முத்திரை குத்துகிறது. சொல்வதை அப்படியே உணர்ந்துவிடும் இயல்புள்ளவர்களுக்கு மயக்கம் கூடுதலாக வருகிறது என்று 2020-இல் ஓர் ஆய்வு வாதிட்டது. ஆகவே மயக்கத்தை அளக்கும் கேள்வித்தாள் மதிப்பெண்ணை மட்டும் நம்பக்கூடாது. எப்படியானாலும் இந்தச் சுற்றில் மாதிரிக் கொள்கை முன்னே நிற்கிறது.

"ஐம்புலன் அறிதலின்"

கண் ஓசையை அறியாது, செவி நிறத்தை அறியாது. ஐந்தையும் அறியும் ஒன்று தனியே இருக்க வேண்டும். மெய்கண்டாரின் கூர்மையான கேள்வி இது. தொகுதிக் கொள்கை இங்கே திணறுகிறது. சிதறிய உணர்வுகளைச் சேர்த்துக் கட்டுவது எது என்பதில் தமக்கே தெளிவில்லை என்று ஹியூம் 1740-இல் சேர்த்த பின்னிணைப்பில் நேர்மையாக எழுதினார்.

இதற்குக் கடினமான சோதனை பிளவு மூளை. தீராத வலிப்புக்காக, இரு அரைக்கோளங்களை இணைக்கும் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளை வெட்டுவார்கள். நரம்பியலாளர்கள் ரோஜர் ஸ்பெரி, மைக்கேல் கஸானிகா குழுவினர் இத்தகையவர்களை ஆராய்ந்தார்கள். 1981-இல் ஸ்பெரிக்கு நோபல் பரிசு. ஒரு சோதனையில் வலக்கையை இயக்கும் இடது அரைக்கோளத்துக்குக் கோழிக் காலையும், இடக்கையை இயக்கும் வலதுக்குப் பனிக்காட்சியையும் காட்டினார்கள். படங்களிலிருந்து வலக்கை கோழியை எடுத்தது, இடக்கை மண்வாரியை எடுத்தது. மண்வாரி ஏன் என்று கேட்டால், பேசும் இடது அரைக்கோளம் பனியைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் தயங்காமல், கோழிக்கூட்டைச் சுத்தம் செய்ய என்றது.

அறிபவன் ஒருவனே என்றால் இது எப்படி என்று கேட்கத் தோன்றும். ஆனால் 2017-இல் பின்டோ குழுவினர் இரண்டு நோயாளிகளிடம் கண்டது வேறு. பொருள் பார்வைப்புலத்தில் எங்கே தோன்றினாலும், எந்தக் கையாலும் வாயாலும் அவர்கள் சரியாகச் சொன்னார்கள். இடப்பக்கப் படத்தையும் வலப்பக்கப் படத்தையும் ஒப்பிடத்தான் முடியவில்லை. காட்சி பிளந்தது, அறிபவர் பிளக்கவில்லை என்பது அவர்கள் முடிவு. அடிமூளை வழியாகத் தகவல் கசிந்திருக்கலாம் என்பது மறுப்பாளர் தரப்பு. மாதிரிக் கொள்கைக்கும் இங்கே நெருக்கடிதான்: மாதிரி ஒன்றா, இரண்டா?

"கண்படில் உண்டிவினை இன்மையின்"

உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்வும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே பிராணன் ஆன்மா அல்ல. பிராணனை எடுத்துவிட்டு நியூரான் இயக்கத்தை வைத்துப் பாருங்கள், வாதம் அப்படியே நிற்கும். 2005-இல் மாசிமினி குழுவினர் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டி அலையை அளந்தார்கள். விழிப்பில் அந்த அலை பல பகுதிகளுக்குப் பரவி ஏறக்குறைய 300 மில்லிநொடி நீடித்தது. ஆழ்உறக்கத்தில் தொடங்கிய இடத்திலேயே அடங்கியது. வெறும் இயக்கம் போதாது, பகுதிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

மூளை அடிபட்டால் "நான்" ஏன் சிதைகிறது என்பதில் தெகார்த்தைவிட மெய்கண்டாரின் சைவ சித்தாந்தம் மேலானது. சிந்திக்கும் பொருள் உடலை எப்படி அசைக்கும் என்று 1643-இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் கேட்டபோது தெகார்த்திடம் தெளிவான விடை இல்லை. சித்தாந்தத்திலோ ஆன்மா கருவிகள் இல்லாமல் தானாக அறியாது, சார்ந்ததன் வண்ணமாகும், அதாவது எதைச் சார்கிறதோ அதன் இயல்பைப் பெறும். கருவி பழுதானால் அறிவும் மங்கும். இந்த விடையில் ஒரு விலை இருக்கிறது. எந்த மூளைச் சேதத்தையும் இப்படி விளக்கிவிடலாம் என்பதால், எந்தச் சோதனையும் இதைத் தோற்கடிக்காது.

ஆகவே உடைமை உணர்வுக்கு மாதிரிக் கொள்கையை ஏற்கலாம். ஒருமைக் கேள்வியில் மெய்கண்டார் போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதை அவிழ்க்கக்கூடிய நோயாளிகளோ குறைந்துவருகிறார்கள். மருந்துகள் மேம்பட்டுவிட்டதால் முழுப் பிளவு அறுவை இப்போது அரிது. பழைய நோயாளிகளில் எஞ்சியவர்களுக்கும் வயதாகிவிட்டது.