இரண்டு க்வெரியும் ஒரே பதிலைத் தருகின்றனவா: எக்செப்ட் போதுமா, எண்ணிப் பார்க்க வேண்டுமா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு மீன் வியாபாரியின் கணக்கு மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். படகு கரைக்கு வந்ததும் ஒவ்வொரு கூடையும் எடை போடப்பட்டு ஒரு பதிவாக ஏறும்: தேதி, படகு எண், மீன், எடை, கிலோ விலை. வாரக் கடைசியில் படகுக்குப் படகு கணக்கு எடுக்கும் க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) மிகவும் மெதுவாகிவிட்டது. மாற்றி எழுதினேன். பழையதும் புதியதும் ஒரே பதிலைத் தருகின்றனவா என்று சோதிக்க எக்செப்ட் போட்டேன்.

எக்செப்ட் என்பது ஒரு க்வெரியின் பதிலில் இருந்து இன்னொன்றின் பதிவுகளைக் கழிக்கும் எஸ்க்யூஎல் கட்டளை. பழையதில் இருந்து புதியதைக் கழி, புதியதில் இருந்து பழையதைக் கழி. இரண்டும் காலியாக வந்தால் சரி என்று நினைப்போம். ஆரக்கிள் டேட்டாபேஸில் இதன் பழைய பெயர் மைனஸ். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 8.0.31 பதிப்பில்தான் இது வந்தது. எழுத எளிது, நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத இடம்) மதிப்புகளையும் ஒன்றுக்கொன்று சமமாகவே எடுத்துக்கொள்ளும். எனக்கு இரண்டு பக்கமும் காலியாக வந்தது. புதிய க்வெரியை ஏற்றிவிட்டேன்.

அந்த வாரமே ஒரு நாட்டுப்படகுக்காரர் சீட்டோடு வந்தார். "தம்பி, ரெண்டு கூடை நண்டு போட்டேன். ஒண்ணுக்குத்தானே காசு வந்திருக்கு?"

அவர் சொன்னது சரி. இரண்டு கூடையும் 12 கிலோ, இரண்டும் கிலோ 400 ரூபாய், ஒரே நாள், ஒரே படகு. டேபிளில் தனித்தனி வரிசை எண் இருந்தாலும் க்வெரி அதை எடுக்கவில்லை. ஆகவே இரண்டு பதிவும் அச்சாக ஒன்றுபோலவே இருந்தன. புதிய க்வெரியில் படகுகளுக்குக் கொடுத்த முன்பணத்தின் டேபிளை ஜாயின் செய்து இணைத்திருந்தேன். ஒரே படகுக்கு இரண்டு மூன்று முன்பணம் இருந்தால் கூடைகள் பெருகின. அதை அடக்க, ஒன்றுபோன்ற பதிவுகளில் ஒன்றை மட்டும் வைக்கும் டிஸ்டிங்க்ட் போட்டேன். அது பெருகியதோடு சேர்த்து உண்மையான இரண்டாவது கூடையையும் விழுங்கிவிட்டது. எக்செப்டும் ஒன்றுபோன்ற பதிவுகளை ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிடும் என்பதால் தப்பு அதன் கண்ணில் படவே இல்லை. கடலில் இறங்கிப் பிடித்து வந்தவருக்கு 4,800 ரூபாய் குறைந்தது. அன்றே கொடுக்க வைத்தோம்.

எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். இந்தத் தப்பை அது பிடித்திருக்கும். ஆனால் பழையது இரண்டு நண்டுக் கூடை, ஒரு கணவாய்க் கூடை என்றும், புதியது ஒரு நண்டு, இரண்டு கணவாய் என்றும் தந்தால்? இரண்டிலும் மூன்று பதிவு, எக்செப்டும் இரு பக்கமும் காலி. பணம் மட்டும் வேறு. ஒரு க்வெரியில் இரட்டைப் பதிவே வராது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் எக்செப்டும் எண்ணிக்கையும் சேர்ந்து போதும்.

அதனால் இப்போது நான் செய்வது வேறு. பழைய க்வெரியின் ஒவ்வொரு பதிவோடும் 1, 0 என்று இரண்டு எண்களை ஒட்டுகிறேன். புதியதோடு 0, 1. இரண்டையும் யூனியன் ஆல் போட்டு ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்து, மீதி எல்லாப் பத்திகளும் (காலம்களும்) ஒத்திருக்கும் பதிவுகளைக் குரூப் பை மூலம் ஒரே குழுவாக்கி, அந்த எண்களைத் தனித்தனியாகக் கூட்டுகிறேன். கூட்டுத்தொகை வேறுபடும் வரிகளை மட்டும் ஹேவிங் மூலம் எடுத்தால், நண்டு, 12 கிலோ, பழையதில் 2, புதியதில் 1 என்று நேராகக் கைகாட்டும். எந்தப் படகு, எந்தக் கூடை என்று தேட வேண்டியதில்லை. குரூப் பையும் நல் மதிப்புகளை ஒரே குழுவில் வைக்கும். யூனியன் என்று மட்டும் எழுதி ஆல் விட்டுப்போனால் இரட்டைகள் மறுபடி போய்விடும், கவனம். எடையைத் தசம எண்ணாக இல்லாமல் மிதவை எண்ணாக (ஃப்ளோட், கடைசி இலக்கங்கள் சற்று மாறலாம்) சேமித்திருந்தால் முதலில் ரவுண்ட் செய்துவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்செப்ட் ஆல் இருக்கிறது. இரட்டைகளையும் எண்ணியே கழிக்கும். அதையும் இரு பக்கமும் ஓட்ட வேண்டும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எக்செப்ட் ஆல் இல்லை, நாங்கள் வைத்திருப்பதோ எஸ்க்யூலைட்தான். இரண்டு பதிலையும் பதிவுக்குப் பதிவு இணைத்துப் பார்க்கும் ஃபுல் அவுட்டர் ஜாயினுக்கு, ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் தனிச்சாவி வேண்டும், நல் மதிப்பு வந்தால் சமக்குறி ஏமாற்றும். ஹாஷ் (முழுப் பதிலையும் சுருக்கிய ஒரு குறியீடு) எடுத்து ஒப்பிட்டால் வேறுபாடு உண்டு என்று மட்டும் தெரியும், எங்கே என்று தெரியாது. கோடிக்கணக்கான பதிவுகளில் குரூப் பை கனக்கலாம்; எங்கள் டேபிள் நான்கு லட்சத்தைத் தாண்டியதில்லை, அதற்கு மேல் நான் ஓட்டிப் பார்த்ததில்லை.

அப்புறம், எந்த நாட்களை வைத்துச் சோதிக்கிறோம் என்பது. எங்கள் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் கணக்கை மே மாத வாரத்தில் சோதித்தால் எந்த இரண்டு க்வெரியும் ஒத்துப்போகும், இரண்டிலும் ஒன்றுமே இருக்காது. நான் எடுப்பது தடை முடிந்து படகுகள் முதல் முறை கரை திரும்பும் வாரம். கூடைகள் குவியும், ஒரே எடையில் ஒரே விலையில் இரட்டைகள் வரும், முன்பணம் வாங்காத படகு எதுவும் இருக்காது.