‘விக்டர்/விக்டோரியா’ ப்ளூ-ரே: ஆண்கள் தையலில் ஒரு பெண்ணின் மாலை உடை

பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கி 1982ஆம் ஆண்டு வெளிவந்த ‘விக்டர்/விக்டோரியா’ திரைப்படத்தை இசைக்காகவும் நகைச்சுவைக்காகவும் பலர் கொண்டாடுகிறார்கள். வார்னர் ஆர்க்கைவ் வெளியிட்ட அதன் ப்ளூ-ரே வட்டை நான் வாங்கியது உடைகளுக்காக. அதிலும் குறிப்பாக, ஜூலி ஆண்ட்ரூஸ் அணிந்துவரும் ஆண்களின் மாலை உடைகளுக்காக. 1934ஆம் ஆண்டின் பாரிஸில் வேலையும் சாப்பாடும் இல்லாமல் அல்லாடும் விக்டோரியா என்ற பாடகி, பெண் வேடம் கட்டிப் பாடும் விக்டர் என்ற போலந்து நாட்டுப் பிரபுவாகத் தன்னைக் காட்டிக்கொண்டு பெரும்புகழ் அடைவதுதான் கதை. ஆகவே மேடையில் பெண் உடையிலும், மேடையை விட்டு இறங்கியதும் ஆண் உடையிலும் அவள் நடமாட வேண்டியிருக்கிறது. இவ்வுடைகளை வடிவமைத்தவர் பட்ரிசியா நோரிஸ். இந்தப் படத்தின் உடைகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மேடைக் கவுன்களோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில், நோரிஸின் கைத்திறன் முழுமையாகத் தெரிவது கருப்புக் கோட்டிலும் கால்சட்டையிலும்தான்.

உடை மாற்றம் தொடங்கும் இடமே நன்கு யோசித்து அமைக்கப்பட்டிருக்கிறது. மழையில் நனைந்த விக்டோரியாவின் உடுப்பு சுருங்கிப்போய், மறுநாள் காலையில் உடுத்த முடியாததாகிவிடுகிறது. அடைக்கலம் கொடுத்த டோடி என்ற பாடகரின் அலமாரியில் அவருடைய பழைய காதலனின் துணிகள் இருக்கின்றன; வேறு வழியில்லாமல் அவற்றை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். அவள் ஆண் உடைக்கு வருவது துணிச்சலாலோ நாகரிக மோகத்தாலோ அன்று, உடுத்த வேறு துணி இல்லாததால்தான் என்பதை இந்தக் காட்சி தெளிவாக்கிவிடுகிறது. பிறகு பணமும் புகழும் வந்தபின் அவள் அணியும் மாலை உடைகள் அளவெடுத்துத் தைத்தவை. இரவல் துணியில் நிற்பவளையும் தனக்கென்று தைத்த கோட்டில் நடப்பவளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அவளுடைய நிலை எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துகொள்ளலாம்.

1930களில் ஆண்களின் மாலை உடைக்கு மிகக் கண்டிப்பான இலக்கணம் இருந்தது. முறையான இரவு விருந்துக்கும் இசைநாடக அரங்குக்கும் பின்புறம் வால்போல் நீளும் டெயில்கோட், விறைப்பான மார்புள்ள வெள்ளைச் சட்டை, பிக்கே என்ற புடைப்பு நெசவுள்ள வெள்ளைத் துணியில் தைத்த, கையில்லாத வெயிஸ்ட்கோட், வெள்ளை போ டை ஆகியவை வேண்டும். சற்றுத் தளர்வான மாலைகளுக்கு வால் இல்லாத டின்னர் ஜாக்கெட்டும் கருப்பு போ டையும் போதும். டெயில்கோட்டோடு அணியும் கால்சட்டையின் பக்கவாட்டில் இரட்டைப் பட்டுநாடா ஓடும். டின்னர் ஜாக்கெட் என்றால் ஒற்றை நாடா. வெயிஸ்ட்கோட்டின் கீழ்விளிம்பு கோட்டின் முன்முனைக்குக் கீழே எட்டிப்பார்க்கக் கூடாது. இந்த ஒரு விதி சரியாக அமைய வேண்டுமானால், கால்சட்டை இடுப்புக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். அப்படி நிற்க வேண்டுமானால் பெல்ட் உதவாது, தோளிலிருந்து தொங்கும் பிரேஸ் வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் மற்றவை எல்லாம் குலைந்துவிடும். இன்றைய பல வரலாற்றுப் படங்களில் தாழ்ந்த இடுப்புக் கால்சட்டைக்கு மேல் வெள்ளைத் துணி துருத்திக்கொண்டு நிற்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். இங்கே நெஞ்சுக்குக் கீழிருந்து குதிகால்வரை கருப்புக் கோடு தடையின்றி இறங்குகிறது.

இந்த இலக்கணத்தைப் பெண் உடலுக்குப் பொருத்துவது எளிய காரியமன்று. மார்பகத்துக்கு இடம்கொடுக்க முன்புறம் டார்ட் (துணியை மடித்துக் கூராகத் தைக்கும் பிடிப்பு) பிடித்தால், அது பெண்களின் ஜாக்கெட் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். டார்ட் இல்லாமல் தைத்தால் லேபல், அதாவது காலருக்குக் கீழே கோட்டின் முன்புறம் மடிந்திருக்கும் பட்டை, மார்பின்மேல் படியாமல் விரிந்து நிற்கும். இங்கே 1930களின் ஆண்கள் தையலே ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. லண்டனில் ஃபிரெடெரிக் ஷோல்ட்டே என்ற தையற்கலைஞர் பரப்பிய ‘டிரேப்’ வெட்டில், தோள் அகன்றும் மார்பும் முதுகும் சற்றுத் தாராளமாகவும் இடுப்பு ஒடுங்கியும் இருக்கும். அந்தத் தாராளம் ஆணின் மார்பைப் பெரிதாகக் காட்டுவதற்காக வந்தது. அதே துணி ஒரு பெண்ணின் மார்பையும் உறுத்தாமல் உள்வாங்கிக்கொள்கிறது. அகன்ற தோள் இடுப்பின் அகலத்தை ஈடுகட்டுகிறது. உயர்ந்த இடுப்பும் முன்மடிப்புகளும் உள்ள கால்சட்டை தொடையின் வளைவை மறைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயர்ந்த காலரும் இறுக்கிக் கட்டிய போ டையும் கழுத்தை மூடிவிடுவதால், அங்கே ஆணுக்குரிய குரல்வளை மேடு இல்லாததை யாரும் கவனிப்பதில்லை. படத்தின் காலம் 1934 என்று அமைந்தது கதைக்கு மட்டுமல்லாமல் தையலுக்கும் பெரும் வாய்ப்பாகிவிட்டது.

இவ்வளவு இருந்தும், ஜூலி ஆண்ட்ரூஸ் முழு ஆணாகத் தோன்றுகிறாரா என்றால், இல்லை. பலர் இதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. விக்டரைப் பார்த்ததுமே அவன் ஆணாக இருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிற ஒருவர் கதைக்குள்ளேயே இருக்கிறார்: ஜேம்ஸ் கார்னர் நடித்த சிகாகோக்காரர் கிங் மார்ச்சண்ட். அவருடைய சந்தேகத்தில் நியாயம் இருக்க வேண்டுமானால், கோட்டுக்குள் ஒரு பெண் இருப்பது பார்வையாளருக்கும் மெல்லத் தெரியத்தான் வேண்டும். அவர்கள் இருவரும் மாலை உடையில் கன்னத்தோடு கன்னம் வைத்து நடனமாடும் காட்சியில் நோரிஸ் இதை மிக நுட்பமாகக் கையாண்டிருக்கிறார். இரண்டு கோட்டும் ஒரே நிறம், ஒரே இலக்கணம். கார்னரின் தோளில் கோட்டு கனமாக அமர்ந்திருக்க, ஆண்ட்ரூஸின் தோளில் அது சற்று மிதப்பதுபோல் நிற்கிறது. உடையில் வேறுபாடு இல்லாதபோது உடலின் வேறுபாடு தானாகவே கண்ணில் படுகிறது.

இசைநாடக அரங்கில் ‘மதாமா பட்டர்ஃபிளை’ பார்த்துக்கொண்டே விக்டோரியா அழும் காட்சியும் அப்படித்தான். விறைத்த வெள்ளைச் சட்டைக்கு மேலே கண்ணீர் வழியும் முகம். அந்த உடை நிமிர்ந்து உட்காரவே வைக்கும், குனிந்து குலுங்கி அழ விடாது. அழுகையை அவள் எவ்வளவு அடக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த விறைப்பே சொல்கிறது. லெஸ்லி ஆன் வாரன் நடித்த நார்மா இதற்கு நேர் எதிர். வெளிர்பொன் முடியும் பளபளக்கும் துணிகளுமாக, ஆண்கள் எதிர்பார்க்கும் பெண்மை அத்தனையையும் அள்ளிப் பூசிக்கொண்டவள் அவள். இருவரும் ஒரே காட்சியில் வரும்போது, வேடம் கட்டியிருப்பது நார்மாதானோ என்று தோன்றுகிறது.

இந்தக் கோட்டுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1930இல் ‘மொராக்கோ’ படத்தில் மார்லின் டீட்ரிச் டெயில்கோட்டும் பட்டுத்தொப்பியுமாக மேடையேறினார். பாரமவுண்ட் நிறுவனத்தின் டிராவிஸ் பான்டன் அந்தப் படத்தின் உடைகளை அமைத்தார். டீட்ரிச் தம் சொந்த மாலை உடைகளை வியன்னாவின் புகழ்பெற்ற ஆண்கள் தையலகமான க்னீசேயில் தைத்துக்கொண்டவர். டீட்ரிச்சின் கோட்டு பார்ப்பவரைச் சீண்டுவதற்காக அணிந்தது. விக்டோரியாவின் கோட்டு பிழைப்புக்காக அணிந்தது. நோரிஸ் முன்னதை அப்படியே நகலெடுத்திருந்தால் படம் வெறும் நினைவூட்டலாகிப் போயிருக்கும். அவர் தொப்பியின் சரிவையும் சிகரெட்டின் கோணத்தையும் நம்பாமல் தையலை மட்டும் நம்பியிருக்கிறார்.

கதை நடக்கும் பாரிஸில், பெண்கள் ஆண் உடை அணிய வேண்டுமானால் காவல்துறைத் தலைமையகத்தில் அனுமதி பெற வேண்டும் என்ற 1800ஆம் ஆண்டின் ஆணை 1934இலும் ஏட்டில் இருந்தது. சைக்கிளின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண்களுக்கு மட்டும் 1892இலும் 1909இலும் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறையாக அறிவித்தது 2013ஆம் ஆண்டில்தான். படம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், விடுதி வாசலில் அவள் சாதாரணமாக நடந்துபோகும் காட்சிகூட வேறு கனம் பெறுகிறது.

மேடைக் கவுன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ‘லே ஜாஸ் ஹாட்’ பாடலில் வரும் மினுங்கும் கருப்பு உடையும் தலை அணியும் கண்ணைப் பறிப்பவை. பாடல் முடிவில் அந்தத் தலை அணியைக் கழற்றி ஒட்ட வெட்டிய முடியைக் காட்டும் கணம் அருமையானது. இருந்தாலும் அந்த உடை 1934ஐவிட 1982க்கே நெருக்கமாக இருக்கிறது. முடியும் அப்படியே. அந்தக் கால ஆண்கள் எண்ணெய்ப் பசையால் மண்டையோடு ஒட்ட வாரிய முடி இங்கே சற்றுத் தளர்ந்து, படம் எடுத்த காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இவ்வளவு கண்டிப்பான கோட்டுக்கு மேலே அந்த முடி பொருந்தவில்லை என்பது என் உறுதியான குறை.

வட்டின் தரத்தைப் பொறுத்தவரை, கருப்பு உடைகளுக்காகப் பார்ப்பவருக்கு இது மனநிறைவு தரும். படம் முழுவதும் பைன்வுட் ஸ்டூடியோவின் அரங்குகளில் எடுக்கப்பட்டதால், இரவுத் தெருக்களின் ஒளியும் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கம்பளித் துணியின் மங்கலான கருப்பும் லேபலில் வைத்த பட்டின் பளபளப்பும் தனித்தனியே தெரிகின்றன. தெளிவு குறைந்த பதிப்புகளில் இரண்டும் ஒரே கருந்திட்டாகக் கலந்துவிடும். எட்வர்ட்ஸும் அவருடைய மனைவியான ஆண்ட்ரூஸும் சேர்ந்து பேசிய விளக்க ஒலித்தடம் இருக்கிறது. உடைகளுக்கென்று ஒரு தனி ஆவணப்பகுதி இல்லாதது பெருங்குறை. தமிழ் வசன வரிகளும் இல்லை.

பட்ரிசியா நோரிஸ் ஆறு முறை ஆஸ்கர் பரிந்துரை பெற்றும் ஒருமுறைகூட வெல்லாதவர். இந்தப் படத்துக்கான பரிந்துரையில் அவர் தோற்றது ‘காந்தி’ படத்திடம். ஜான் மொல்லோவோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட பானு அதையா, ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியரானார். அந்தப் பரிசில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனாலும் நோரிஸின் கோட்டுகளுக்கு உரிய பேச்சு இன்னும் எழவில்லை என்றே நினைக்கிறேன். தையல் படிப்பவர்களும், நாடகத்துக்கோ படத்துக்கோ உடை அமைப்பவர்களும் இந்த வட்டைத் தயங்காமல் வாங்கலாம். பாடல்களை மட்டும் விரும்புபவர்களுக்கு, இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் பதிப்பு போதும். தொலைக்காட்சியில் ஒளியளவைச் சற்றுக் குறைத்துவைத்துப் பாருங்கள். அப்போதுதான் லேபலின் பட்டு தெரியும்.